குதிரையின் காலும் வணிகரின் ஆதாயமும்

காரைதீவு, கல்முனைக் கரையோர வரலாற்றைப் பேசுங்கால் நாம் அராபியக் கடல்வணிகத்தைக் குறிக்கத் தவறுவதில்லை. அவ்வணிகம் பாண்டிநாட்டிற்குக் கொணர்ந்த முதன்மைப் பண்டம் குதிரையாகும். மன்னன் ஆண்டுதோறும் வாங்கிய 2000க்கு மேற்பட்ட குதிரைகளுள் ஆண்டிறுதியில் 100கூட எஞ்சுவதில்லை என 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ கூறுகின்றார்.

இவ்வழிவுக்கு வெப்பத்தை மட்டுமே காரணமாகக் கொள்ளல் போதாது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கூறுமாறு, குதிரைகளை 40 நாள் முளையிற் கட்டிக் கொழுக்கவைத்தபின், பயிற்சியின்றியே வீரர் கடுமையாக ஓட்டினர்.

இதன் விளைவை இன்றைய கால்நடை மருத்துவம் தெளிவாக்குகின்றது. கட்டியே வைத்த குதிரையின் கீழ்க்காலில் நீர் தேங்கி வீங்கும், நடத்தினால் வடியும். வன்னிலத்திற் கடுமையாக ஓட்டினால் குளம்புக்கு மேலுள்ள மூட்டிலும் தசைநாண் உறையிலும் நீர் கோத்துப் புடைக்கும். சூடும் வலியும் நொண்டலும் இல்லையெனில் அப்புடைப்புப் பெரும்பாலும் தீங்கற்றது. அவை உண்டெனில் ஓய்வும் குளிர்நீரும் மருத்துவரும் வேண்டும். இன்றைய போட்டிக் குதிரைகளின் காலை நாள்தோறும் தடவிப் பார்ப்பதும், பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுவதும் இதனாலேயே.

இத்தகைய பராமரிப்பு அன்று ஏன் வேரூன்றவில்லை? குதிரை வைத்தியரை வணிகர் வரவிடவில்லை என்கிறார் போலோ. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். வழியில் இறந்தவற்றுக்கும் அரசே விலை கொடுத்தது என்கிறார் வஸ்ஸாப். எனவே குதிரையின் அழிவே அடுத்த ஆண்டின் சந்தையாயிற்று. மருத்துவ அறிவும் உற்பத்தி உறவுகளுக்கு அப்பாற்பட்டதன்று என்பதே இதிலிருந்து நாம் பெறும் முடிபு.