துளியை நடத்தும் ஒலி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சாலையோரத் தேநீர்க்கடைகளில் அமர்வோர்க்குப் பழகிய காட்சி ஒன்றுண்டு. இரும்புச் சுமையேற்றிய வண்டி கடக்குந்தோறும் குவளைநீர் வட்டவட்டமாய் நடுங்கும். அங்கே அதிர்வு நீரை நடுக்குகிறதேயன்றி நகர்த்துவதில்லை. வேண்டிய திசையில் நீரை நடத்திச் செல்லவும் ஒலியால் இயலும் என்பது மெல்ல மெல்ல அறியப்பட்ட உண்மையாகும்.

இங்கிலாந்து நாட்டு இராலே பிரபு, குழாயினுள் எழும் ஒலி அங்குள்ள காற்றையே சுழன்றோடச் செய்வதை 1884-இல் கணித வழியில் விளக்கினார். மறு ஆண்டே, திண்பொருளின் ஆழத்துட் செல்லாது மேற்பரப்பை ஒட்டித் தவழும் அலைகள் உண்டென நிறுவினார். ஒருவர் உள்ளத்தே அடுத்தடுத்துத் தோன்றிய இவ்விரு கருத்துகளும் ஒன்றுகூட நூறாண்டு ஆயிற்று என்பது வியப்பே! இடைக்காலத்தில் மேற்பரப்பலை நிலநடுக்க ஆய்வாளர்க்கே பயன்பட்டது. 1897-இல் அசாமை உலுக்கிய நடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்து, அவற்றில் மூவகை அலைகளைப் பிரித்துக் காட்டிய ஓல்டாம், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர்.

இராலேயைச் சொல்லுங்கால் சென்னை மாநிலக் கல்லூரி நினைவிற்கு வரும். அங்குப் பயின்ற இளைஞர் சி. வி. இராமன், நீர்மங்களின் பரப்பு இழுவிசையை அளப்பது பற்றி 1907-இல் இலண்டன் ஆய்விதழில் எழுதினார். மாணவர் என அறியாத இராலே, அவரைப் 'பேராசிரியர்' என்றே விளித்து மடல் எழுதினார் என்பர். பின்னர் 1935-36-இல் பெங்களூரில் இராமனும் நாகேந்திரநாத்தும், நீர்மத்தினுள் செல்லும் மீயொலி ஒளியைச் சிதறடிக்கும் முறையை ஐந்து கட்டுரைகளில் விளக்கினர்.

இதனைக் கொண்டு, துளியை நகர்த்தும் வித்தையும் நம்மவர் கண்டதே என மேடையில் முழங்க ஆசை எழலாம். அது உண்மையன்று. நீர்மத்துள் செல்லும் ஒலி ஒளியைச் சிதறடிப்பதற்கான விளக்கத்தை இராமன் தந்தார். அப்பெருமை அவருக்குப் போதும். இல்லாததை ஏற்றுவது உள்ளதையும் ஐயத்திற்கு உள்ளாக்கும்.

துளி நகர்ந்த கதை வேறு. 1965-இல் கலிபோர்னியாவில் ஒயிட், வோல்ட்மர் இருவரும், இரு சீப்புகளின் பற்களைக் கோத்தாற்போன்ற உலோகக் கோடுகளைப் படிகத்தின்மேல் அமைத்து, மின்னதிர்வால் மேற்பரப்பலையை எழுப்பினர். அக்கருவி தொலைக்காட்சிப் பெட்டியுள் அலைவடிகட்டியாகப் புகுந்தது. அதே அலை துளியை எதிர்ப்பட்டால் என்னாகும்? லித்தியம் நையோபேட் படிகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3,900 மீட்டர் விரையும் அலை, நீரில் 1,500 மீட்டர் அளவே செல்லவல்லது. ஆதலின் அது செங்குத்திலிருந்து சுமார் 22 பாகை சாய்ந்து துளிக்குள் கசிகிறது. துளியின் அகத்தே ஓட்டம் எழுகிறது. தாமரையிலைபோல் நீரொட்டாத பரப்பாயின் துளியே அலை செல்லும் திசையில் உருண்டோடும். சப்பானில் சியோகாவா குழுவினர் இவ்வோட்டத்தை 1989-இல் விரித்துரைத்தனர். செருமனியின் ஆக்சுபர்க்கில் விக்சுபோர்த் முதலானோர் அதனைச் சில்லின்மேல் நிகழும் ஆய்வுக்கூடமாக வளர்த்தனர்.

மயிரிழை போன்ற கால்வாயில் நீர் தேனைப்போல் மந்தமாகும். இரு நீர்மங்கள் அருகருகே ஓடியும் எளிதில் கலவா. அங்கே குழாயும் விசிறியுமின்றிக் கலக்க ஒலி வல்லது. கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் இரயிலில் சென்னை சென்றால், கிண்டிக் காட்டை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், நுண்கால்வாய்களில் ஓடும் உயிரணுக்களை ஒலியால் பிரிக்கும் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன.