இன்சுலின் அலகும் சிரிஞ்சின் கோடுகளும்

இன்சுலின் மருந்தின் அளவை மருத்துவர் அலகில் (யூனிட்) எழுதுகிறார். செவிலியரோ குப்பியிலிருந்து நீர்மமாக, மில்லிலிட்டர் கணக்கில் எடுக்கிறார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கணக்கைச் செவிலியரின் மனத்திலிருந்து சிரிஞ்சின் கோடுகளுக்கு மாற்றும் முயற்சி அறுபது ஆண்டுகள் நடந்தது. சில நாடுகளில் அது இன்னும் முடியவில்லை.

அலகு தோன்றியது எப்படி?

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1921ஆம் ஆண்டில் பிரடெரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் கணையச் சாற்றை ஆராயத் தொடங்கினர். 1922 சனவரி 11 அன்று லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அச்சாறு முதன்முதலாக ஊசிமூலம் செலுத்தப்பட்டது. போதிய பலன் கிடைக்கவில்லை. ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய சாறு சனவரி 23 முதல் செலுத்தப்பட்டபோது சிறுவனின் இரத்தச் சர்க்கரை குறைந்தது.

விலங்குகளின் கணையத்திலிருந்து பெறப்பட்டதால் ஒவ்வொரு தயாரிப்பின் வீரியமும் வேறுபட்டது. ஒரே எடையுள்ள மருந்து ஒரு நாள் போதாமலும் மறுநாள் மிகுதியாகவும் இருக்கலாம். எனவே மருந்தின் எடைக்குப் பதிலாக அதன் விளைவு அளக்கப்பட்டது. பட்டினியிலிருந்த, ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள முயலின் இரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் நிலைக்குத் தாழ்த்தும் அளவே முதலில் ஓர் அலகு எனப்பட்டது. நோயாளிகளுக்கு இது பெரிய அளவாக இருந்ததால், 1923இல் அதன் மூன்றில் ஒரு பங்கு புதிய அலகாக ஏற்கப்பட்டது. 1925இல் முதல் பன்னாட்டுத் தரமாதிரி உருவாக்கப்பட்டு, அதன் 1 மில்லிகிராம் 8 அலகுகளுக்குச் சமம் என வரையறுக்கப்பட்டது.

இருபது கோடுகளும் மூன்று வீரியங்களும்

அலகு நிலைபெற்ற பின்னும் குப்பியின் வீரியம் ஒன்றாக இல்லை. ஒரு மில்லிலிட்டருக்கு 20, 40, 80 அலகுகள் கொண்ட குப்பிகள் விற்பனையில் இருந்தன. பிரிட்டனில் வழங்கிய சிரிஞ்சிலோ ஒரு மில்லிலிட்டருக்கு 20 கோடுகளே இருந்தன. 20 அலகுக் குப்பிக்கு ஒரு கோடு ஓர் அலகு; 40 அலகுக் குப்பிக்கு ஒரு கோடு 2 அலகு; 80 அலகுக் குப்பிக்கு ஒரு கோடு 4 அலகு.

24 அலகு செலுத்த வேண்டுமெனில் 40 அலகுக் குப்பியிலிருந்து 12 கோடுகள் வரையும், 80 அலகுக் குப்பியிலிருந்து 6 கோடுகள் வரையும் எடுக்க வேண்டும். குப்பியைக் கவனியாமல் 80 அலகுக் குப்பியிலிருந்து 12 கோடுகள் எடுத்தால் உடலில் சேர்வது 48 அலகு. சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து நோயாளி நினைவிழக்கவும் உயிரிழக்கவும் கூடும்.

நூறு அலகுக்கு மாற்றம்

இக்குழப்பத்தைப் போக்க ஒரே வீரியமும் அதற்கேற்ற ஒரே சிரிஞ்சும் முன்வைக்கப்பட்டன. ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு என்ற முறை அமெரிக்காவில் 1970களில் பரவியது. பிரிட்டன் 1983இல் மாறியது. இம்முறையில் சிரிஞ்சின் எண்ணே அலகு என்பதால் பெருக்கலோ வகுத்தலோ தேவையில்லை.

இந்தியாவில் இன்றைய நிலை

இந்தியாவில் 40 அலகுக் குப்பிகள் இன்றும் பரவலாக உள்ளன. பேனா வகை இன்சுலின் பெரும்பாலும் 100 அலகு வீரியம் கொண்டது. 40 அலகுக்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100 அலகுக்குரியதன் மூடி ஆரஞ்சு நிறம். இரண்டும் ஒரே வார்டில் இருக்கும்போது பழைய கணக்கு மீண்டும் செவிலியரிடம் வந்துசேர்கிறது.

வேண்டிய அலகை ஒரு மில்லிலிட்டரிலுள்ள அலகால் வகுத்தால் எடுக்க வேண்டிய மில்லிலிட்டர் கிடைக்கும். 20 அலகுக்கு 40 அலகுக் குப்பியிலிருந்து 20 ÷ 40 = 0.5 மில்லிலிட்டர்; 100 அலகுக் குப்பியிலிருந்து 20 ÷ 100 = 0.2 மில்லிலிட்டர். 40 அலகு மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் 8 அலகே கிடைக்கும். 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே எண் வரை எடுத்தால் 50 அலகு சேரும். அதாவது இரண்டரை மடங்கு மருந்து.

எழுத்தால் நேரும் பிழை

பிழை மருந்துச்சீட்டிலும் நேரலாம். யூனிட் என்பதற்கு ஆங்கில முதலெழுத்தை மட்டும் எழுதினால் அது சுழியமாகத் தெரிந்து, 4 அலகு 40 ஆகப் படிக்கப்படக்கூடும். இதனால் பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2010இல் அச்சொல்லை முழுமையாக எழுதவும், இன்சுலினுக்கு உரிய சிரிஞ்சை மட்டுமே பயன்படுத்தவும் அறிவுறுத்தியது. மருந்தை எடுக்குமுன் குப்பியில் அச்சிட்ட வீரியமும் சிரிஞ்சில் அச்சிட்ட வீரியமும் ஒன்றா எனப் பார்ப்பதும், மற்றொரு செவிலியரிடம் காட்டி உறுதிசெய்வதும் செவிலியப் பயிற்சியில் வலியுறுத்தப்படுகின்றன.