அம்பாசடர் காரும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும்

கார் இன்ஜினுக்கு ஆயில் பிரஷர் என்பது நமக்கு ரத்த அழுத்தம் மாதிரி. கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை.

ஆரம்பத்தில் இந்தக் கவலை இல்லை. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்ப்பே கிடையாது. சுற்றும் ஃப்ளைவீல் வாரி இறைக்கிற ஆயில்தான் எல்லாவற்றுக்கும். பம்ப் மூலம் அழுத்தத்தோடு ஆயில் செலுத்தும் முறை நீராவி இன்ஜினிலிருந்து வந்தது. பர்மிங்ஹாமின் பெல்லிஸ் அண்ட் மார்காம் கம்பெனியில் இருந்த ஆல்பர்ட் பெயின் 1890இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கார்களின் வேகம் கூடக் கூட, அவற்றுக்கும் அதுவே வழியாயிற்று.

பம்ப் வந்தால் வால்வும் வர வேண்டும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது, அதிலும் ஆயில் கெட்டியாக இருக்கும் காலை நேரத்தில், அழுத்தம் எகிறும். குக்கர் வெயிட் மாதிரி, அளவு மீறியதும் ரிலீஃப் வால்வு திறந்து மிச்ச ஆயிலைச் சம்ப்புக்கே திருப்பிவிடும். உள்ளே இருப்பது ஒரு சின்னக் குப்பியும் ஸ்பிரிங்கும்தான்.

1958இல் உத்தர்பாராவில் பிறந்த அம்பாசடருக்கு அடுத்த வருஷமே 1489 சி.சி. பி.எம்.சி. இன்ஜின் வந்தது. அதில் இந்த வால்வு பிளாக்கின் பின்பகுதியில், ஒரு குமிழ் நட்டுக்குள் இருந்தது. சம்ப்பை இறக்காமலே வெளியிலிருந்து கழற்றலாம்.

பிரஷர் குறைந்தால் நல்ல மெக்கானிக் முதலில் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பார். அப்புறம் வேறொரு மீட்டரை மாட்டி, வண்டியின் மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் சூட்டுக் கணக்கு. ஆறிய இன்ஜினில் பிரஷர் நன்றாக நின்று, சூடானதும் விழுந்தால் பெரும்பாலும் பேரிங் தேய்மானம். ஆறியிருக்கும்போதே குறைவு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் ஏறவில்லை என்றால் வால்வையும் பம்ப்பையும் சந்தேகிக்கலாம். குப்பியின் அடியில் தூசி சிக்கியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மாறாக வால்வு மூடியபடி இறுகிக்கொண்டால் பிரஷர் அளவு மீறும். ஃபில்டர் பக்கம் ஆயில் பீச்சும்.

டாக்ஸி வைத்துப் பிழைத்தவருக்கு இந்த வித்தியாசம் சோற்றுப் பிரச்சினை. ஒன்று ஸ்பிரிங் விலையோடு முடியும். மற்றது இன்ஜினையே பிரிக்கும் வேலை, வாரக்கணக்கில் வருமானம் போச்சு.

இதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. வண்டியை விற்பதற்கு முன் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைச் சொருகிவிடுவார்கள். ஓட்டத்தில் முள் கம்பீரமாக ஏறும். ஆனால் சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது வால்வு மூடித்தான் இருக்கும். அங்கே வாஷரின் ஜம்பம் பலிக்காது. விவரம் தெரிந்தவர்கள் வண்டியைப் பத்து மைல் ஓட்டி, நிறுத்தாமல் ஐட்லிங்கில் விட்டு முள்ளைப் பார்ப்பார்கள்.

2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. இன்றைய பல இன்ஜின்களில் வால்வு பம்ப்புக்குள்ளேயே இருக்கிறது, கண்ணில் படாது. ஆனாலும் கேள்வி பழையதுதான். இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், “ஆறியபோது பிரஷர் எவ்வளவு, சூட்டில் எவ்வளவு?” என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.