போதை ஊசியும் பொதுச் சுகாதாரமும்

போதை ஊசியில் என்ன ஆபத்து என்று கேட்டால், போதைதான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அளவு மீறினால் மூச்சு அடங்கி உயிர் போகும் என்பது உண்மையே. ஆனால் இன்னொரு ஆபத்து மருந்தில் இல்லை, ஊசியில் இருக்கிறது. ஒருவர் குத்திய ஊசியை அடுத்தவர் வாங்கிக் குத்திக்கொள்ளும்போது எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய வைரஸ்களும் கைமாறுகின்றன.

நான் பொறியியல் படித்தவன், மருத்துவன் அல்ல. ஆனாலும் இது நடக்கும் விதம் எளிதில் புரிகிறது. ஊசி இரத்தக்குழாயில் சரியாக இறங்கியதா என்று பார்க்கப் பலர் சிரிஞ்சின் தண்டைச் சற்றுப் பின்னால் இழுப்பார்கள். இரத்தம் உள்ளே வரும். பிறகு தண்டை எவ்வளவு அழுத்தினாலும் சிறிதளவு மிஞ்சும். கழற்றி மாட்டும் ஊசியில் இந்த மிச்சம் அதிகம், ஊசி நிலையாகப் பதிந்த இன்சுலின் சிரிஞ்சில் குறைவு. சோதனைக்கூடத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் சிரிஞ்சுக்குள் 63 நாட்கள் வரை உயிர்ப்புடன் இருந்திருக்கிறது. மருந்தைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, தண்ணீர் இவற்றைப் பகிர்ந்துகொண்டாலும் தொற்றலாம். தோலைச் சுத்தம் செய்யாமல் குத்தினால் பாக்டீரியா புகுந்து சீழ்க்கட்டி வரும். சிலருக்கு இதய வால்வு வரை பாதிக்கும்.

இது ஓர் ஊரையே என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் உதாரணம். ஏறக்குறைய 4,200 பேர் வாழும் சிற்றூர், ஸ்காட் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே பலர் ஓபானா என்னும் வலிநிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். அதன் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும் என்பதால் ஒரு நாளைக்குப் பலமுறை குத்த வேண்டும். புது ஊசி கிடைப்பது அரிது. ஊசி பரிமாற்றத் திட்டத்துக்கு மாநிலச் சட்டத்தில் இடமில்லை. எச்.ஐ.வி. சோதனை செய்துவந்த மருத்துவ நிலையமும் 2013-ல் மூடப்பட்டிருந்தது.

2004 முதல் 2013 வரை அந்த மாவட்டத்தில் பதிவான எச்.ஐ.வி. தொற்றுகள் வெறும் 5. 2014 நவம்பரிலிருந்து ஓராண்டில் 181. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது.

2015 மார்ச்சில் ஆளுநர் மைக் பென்ஸ் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்து, ஊசி பரிமாற்றத்துக்குத் தற்காலிக அனுமதி அளித்தார். பழைய ஊசியைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளலாம். அங்கேயே சோதனை, சிகிச்சைக்கு வழிகாட்டல். புதிய தொற்றுகள் வெகுவாகக் குறைந்தன. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் கணினி மாதிரி ஒன்றை உருவாக்கிப் பார்த்தார்கள். கண்டறியப்படாத தொற்றுகள் அந்த அறிவிப்புக்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிட்டன என்றும், முன்கூட்டியே செயல்பட்டிருந்தால் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அது காட்டியது.

ஊசி கொடுத்தால் போதைக்குத் துணைபோவது ஆகாதா? நியாயமான கேள்விதான். ஆனால் ஊசி கொடுக்காத காலத்திலும் அங்கே போதை குறையவில்லை; நோய்தான் கூடியது. ஊசி வாங்க வருகிறவர் மறுவாழ்வு சிகிச்சையின் வாசலுக்கும் வருகிறார். ஹெபடைடிஸ் சி-யை இன்று சில வார மாத்திரைகளால் குணப்படுத்திவிடலாம். எச்.ஐ.வி.-க்கோ ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும்.

2021 ஜூனில் ஸ்காட் மாவட்ட நிர்வாகக் குழு, இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. பொதுச் சுகாதாரத்தின் சங்கடமே இதுதான். வந்த நோய் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், வராமல் போன நோயை யாரும் பார்ப்பதில்லை.