தலை மாத்தின தகடுகள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு 'டை'ன்னா என்னன்னு விளக்கத் தேவையில்லை. கார் கதவும் பானெட்டும் அதுல அடிச்சுத்தான் வருது. டை தேய்ஞ்சா பாலிஷ் போடுவாங்க, ரொம்பத் தேய்ஞ்சா வெல்டிங் வச்சு மறுபடி செதுக்குவாங்க. மாடல் லேசா மாறினா மொத்த டையையும் தூக்கிப் போடாம, ஒரு துண்டை மட்டும் மாத்தி ஓட்டிடுவாங்க. நான் கோட் எழுதற ஆள்தான். ஆனா இந்த ஏரியாவில் நாலு வருஷம் குப்பை கொட்டினா இதெல்லாம் தன்னால காதுல விழும்.

இதே வேலையை லண்டனில் 1650-களில் ஒருத்தர் முகத்தை வச்சு செஞ்சிருக்கார். பியர் லொம்பார்னு ஒரு பிரெஞ்சு செதுக்குக் கலைஞர். வான் டைக் வரைஞ்ச முதலாம் சார்லஸ் ராஜாவோட குதிரைச் சவாரிப் படத்தை மாதிரியா வச்சு ஒரு செப்புத்தகடு வெட்டினார். அந்த ஒரே தகட்டில் இருந்து கிராம்வெல் தலையோட அச்சு இருக்கு, சார்லஸ் தலையோட அச்சு இருக்கு, தலையே இல்லாம வெறும் முண்டம் குதிரை மேல உட்கார்ந்திருக்கிற அச்சும் இருக்கு! குதிரை அதே குதிரை, கவசம் அதே கவசம். 1649-ல் சார்லஸோட தலையை நிஜமாவே வெட்டின கோஷ்டியின் தலைவர்தான் கிராம்வெல் என்பதை ஞாபகம் வச்சுக்கிட்டா இந்த காமெடி இன்னும் நல்லா புரியும். ஆட்சி மாறினா சுவரொட்டியில் முகம் மாத்தறது நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்லை சாமி :-)

செம்பு மென்மையான உலோகம். வேண்டாத இடத்தைச் சுரண்டி எடுத்துட்டு, பின்பக்கம் சுத்தியலால் தட்டி மேடாக்கி, வழவழன்னு தேய்ச்சு, மறுபடி உளியால வெட்டலாம். வெட்டின பள்ளத்தில் மையை நிரப்பி, மேல்பரப்பைச் சுத்தமா துடைச்சு, ஈரக் காகிதத்தை வச்சு ரோலருக்கு நடுவில் அழுத்தினா பள்ளத்து மை காகிதத்துக்கு ஏறும். தகட்டின் ஓரம் காகிதத்தில் ஒரு சட்டம் மாதிரி பதிஞ்சு நிக்கும். பழைய படம் வாங்கறவங்க முதல்ல தடவிப் பார்க்கறது அந்த ஓரத்தைத்தான்.

இந்த முகங்களைச் சேர்க்கறது இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பைத்தியமாவே இருந்திருக்கு. டைரிப் புகழ் சாமுவேல் பெப்பிஸ் 17-ம் நூற்றாண்டுலயே சேர்த்தார், அது இன்னும் கேம்பிரிட்ஜ் மாடலின் கல்லூரியில் இருக்கு. ஆனா நிஜமான தொத்துவியாதி 1769-ல் ஆரம்பிச்சது. ஷிப்லேக் என்ற கிராமத்துப் பாதிரியார் ஜேம்ஸ் கிரேஞ்சர் இங்கிலாந்து வரலாற்றை மனுஷங்க வழியா சொல்ற ஒரு புத்தகம் போட்டார். ஒரு கண்டிஷன்: அச்சான முகப்படம் உள்ளவங்களுக்குத்தான் அதில் இடம். ஆட்களை 12 வகுப்பா பிரிச்சார். முதல் வகுப்பு ராஜா ராணி. அப்படியே இறங்கி வந்து, கடைசி வகுப்பில் நூறு வயசு தாண்டினவங்க, விசித்திர உடம்புக்காரங்க, தண்டனை பெற்ற குற்றவாளிங்க. எனக்கு அந்தப் 12-ம் வகுப்புதான் பிடிச்சிருக்கு. ராஜா முகம் எங்கயும் கிடைக்கும், அந்தக் காலத்துத் திருடன் முகம் வேற எங்க கிடைக்கும்?

புத்தகத்தில் படம் கிடையாது, பட்டியல் மட்டும்தான். சும்மா இருப்பாங்களா ஜனங்க? வெத்துத் தாளை நடுவில் சேர்த்து பைண்ட் பண்ணி, ஒவ்வொரு பேருக்கும் படம் தேடி ஒட்ட ஆரம்பிச்சாங்க. படத்துக்கு எங்க போறது? வேற புத்தகத்தின் முகப்புப் பக்கத்தைக் கிழிக்கறதுதான் வழி. சில ஷில்லிங் பெறுமான பழைய புத்தகங்களோட விலை, உள்ளே இருக்கும் ஒரு முகத்துக்காகவே பல மடங்கு ஏறிச்சாம். புத்தகத்தைக் குதறி இன்னொரு புத்தகத்தைக் கொழுக்க வைக்கிற இந்த வேலைக்கு அந்தப் பாதிரியார் பேரையே வினைச்சொல்லா வச்சுட்டாங்க. பாவம், அவர் 1776-லயே போய்ச் சேர்ந்துட்டார்.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறவங்களுக்கு: கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னர் சர் தாமஸ் ஸ்மித். 1616-ல் சைமன் டி பாஸ் இவர் முகத்தைச் செம்பில் வெட்டினார் (அதே வருஷம் அதே கை போகஹொன்டாஸையும் வெட்டிச்சு). இவரோட வண்ண ஓவியம் ஒண்ணு அதுக்கு முன்னாடியே ஜஹாங்கீருக்குப் பரிசா வந்திருக்கு. அதாவது கம்பெனி வியாபாரம் பேச வரும்போதே முதலாளி முகத்தை முன்னாடி அனுப்பியிருக்கு. அப்புறம் 1615-ல் தூதரா வந்த தாமஸ் ரோ, தன்கிட்ட இருந்த ஒரு சின்ன ஓவியத்தை நகலெடுக்கவே முடியாதுன்னு பீத்திக்க, ஜஹாங்கீர் தன் ஓவியர்கிட்ட நகல்கள் எடுக்கச் சொல்லி, ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மொத்தத்தையும் வரிசையா வச்சு 'எதுப்பா உன்னுது?'ன்னு கேட்டிருக்கார். ரோ திணறித்தான் கண்டுபிடிச்சார். பிசித்ர் என்ற முகலாய ஓவியர் வரைஞ்ச ஒரு படத்தில் ஜஹாங்கீர் சூஃபி பெரியவருக்குப் புத்தகம் கொடுக்க, இங்கிலாந்து ஜேம்ஸ் ராஜா கீழ மூலையில் வரிசையில் நிக்கறார். அவர் முகம் ஒரு இங்கிலீஷ் படத்தைப் பார்த்துப் போட்டது. அந்த ஓவியம் இப்ப வாஷிங்டனில் இருக்கு.

நம்ம ரோட்டுக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி காஞ்சிபுரம் பக்கம் போனா புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ல் ஹைதர், திப்பு படை கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை இங்கதான் நொறுக்கிச்சு. ஹெக்டர் மன்றோ பெரிய படையோட காஞ்சிபுரத்தில் இருந்தும் வந்து சேரலை. அப்புறம் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிட்டு செங்கல்பட்டுக்கு ஓடினார். பெய்லி கைதியாவே 1782-ல் செத்தார். கூடப் பிடிபட்ட டேவிட் பேர்ட் 1784-ல் விடுதலையாகி, 1799 மே 4 அன்னைக்கு ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைத் தாக்கின படையை நடத்தினார்.

இந்தப் போர்களுக்கு அப்புறம் லண்டன் அச்சுக்கடைகளுக்கு நல்ல வேட்டை. 1792-ல் திப்புவின் இரண்டு பையன்களைக் காரன்வாலிஸ் பணயமா வாங்கின காட்சி திரும்பத் திரும்ப அச்சாச்சு. அதை வரைஞ்ச ராபர்ட் ஹோம் படையோட கூடவே போனவர், சரி. மாதர் பிரவுன் இந்தியாவுக்கே வந்ததில்லை. டேனியல் ஓர்ம் அதைச் செதுக்கி வித்தார். பேர்ட் திப்புவின் உடலைக் கண்டெடுக்கிற பிரம்மாண்ட ஓவியம் 1839-ல் டேவிட் வில்கி வரைஞ்சது. பேர்டின் விதவை சொல்லி வரைஞ்சார், பேர்ட் செத்தே பத்து வருஷம் ஆச்சு, வில்கியும் இந்தியா பார்க்காதவர்தான். அதுவும் செதுக்கப்பட்டு வீடு வீடா தொங்கிச்சு. ஆக, இங்கிலீஷ்காரன் முகமாவது ஒருத்தரை உட்கார வச்சுப் பார்த்து வரைஞ்சது, நம்மாளுங்க முகம் பாதிக்குப் பாதி லண்டன் கற்பனை. அந்தக் கற்பனை முகங்களைத்தான் நாம 'திப்பு காலப் படம்'னு ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டு இருக்கோம். எனக்கு எரிச்சல் வர்றது இங்கதான்.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர் போர் முழுசா தீட்டியிருக்கு. நடுவில் பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிச்சுக்கிட்டு இருக்கிற ஆள் பெய்லி. கிரேஞ்சர் லிஸ்டில் சேராத இங்கிலீஷ் பிரமுகர் முகம், பாரபட்சத்தோட வரைஞ்சது, எனக்கு அதில் புகாரே இல்லை :-) ஆனா ரெண்டு பக்கத்துலயும் ஒரு குறை உண்டு. பெய்லியைச் சுத்தி செத்து விழுந்ததில் பெரும்பாலும் சென்னைப் படையின் நாட்டுச் சிப்பாய்கள். சுவரில் அவங்க சிவப்புச் சட்டை வரிசை. லண்டன் தகட்டில் அதுவும் இல்லை. 12 வகுப்பு போட்டு திருடனுக்கும் இடம் கொடுத்த திட்டத்தில் 13-ம் வகுப்புன்னு ஒண்ணை யாருமே யோசிக்கலை.

வாங்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. லென்ஸ் வச்சுப் பார்த்தா ஒரே சீரான வரிசையில் புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது பிற்காலப் புத்தகத்தில் இருந்து கிழிச்சதா இருக்கலாம், ஓடி வந்துடுங்க. வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சா பழைய காகிதத்தில் சல்லடைக் கம்பி மாதிரி வரிகள் தெரியும். வரியே இல்லாத வழவழக் காகிதம் 1750-களில்தான் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது, அதனால 1650-ம் வருஷப் படம் அதில் இருந்தா தகடு பழசு, அச்சு புதுசு. மெசோடின்ட் வகைத் தகடு சீக்கிரம் தேயும், முதல் சில அச்சுகளில் வெல்வெட் மாதிரி இருக்கும் கருப்பு, போகப் போக சாம்பல் பூத்துடும். நம்ம பிரஸ் ஷாப் ஆளுங்ககிட்ட காட்டினா ஒரே பார்வையில் சொல்லிடுவாங்க, டை போச்சுன்னு.

நான் வாங்கறதா இல்லை. ஓரம் ஒட்ட வெட்டின ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாடியும் ஒரு கிழிஞ்ச புத்தகம் இருக்கலாம்னு தெரிஞ்ச அப்புறம் மனசு வரலை. பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியும் தங்களோட படங்களை இணையத்தில் பார்க்க வச்சிருக்காங்க, ராத்திரி ஷிஃப்ட்டுக்கு அது போதும். நேர்ல ஏதாவது பார்க்கணும்னா சென்னை கோட்டை மியூசியத்தில் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கின காரன்வாலிஸ் சிலை நிக்குது. மேல பார்க்காதீங்க, பீடத்தைப் பாருங்க. அந்த ரெண்டு பையன்களை ஒப்படைக்கிற காட்சி அங்க இருக்கு.