மாறி வளர்ந்த இராம கதை

புட்பக விமானத்தை விண்கலமாகவும், இராவணனை வேற்றுக்கோளின் வேந்தனாகவும் அமைத்து மாணவன் ஒருவன் கதை எழுதி வந்தால், காவியத்தைச் சிதைத்துவிட்டான் என்று ஆசிரியர் சினத்தல் இயல்பே. போற்றி வளர்த்த கதையில் பிறர் கைவைக்கப் பொறாத உள்ளம் அன்பின்பாற்பட்டது. ஆயினும், மலாக்கா மண்ணில் நின்று இராம கதையின் வரலாற்றை நோக்குவார்க்கு அச்சினம் நெடிது நில்லாது.

முதற்கண் கம்பரையே காண்போம். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கின்றான். தமிழுள்ளம் அதனைப் பொறாது என்று கண்ட கம்பர், பன்னசாலையோடு நிலத்தையே பெயர்த்தெடுத்ததாக மாற்றினார். இரணியன் வதைப் படலமும் முதனூலில் இல்லாததே.

கடல் கடந்தபோது மாற்றம் இன்னும் பெரிதாயிற்று. தென்னிந்திய வணிகர் வழியே இப்பகுதிக்கு இராம கதை வந்திருக்கலாம் என்பர் அறிஞர் பலர். அது மலாயில் 'ஹிக்காயாட் செரி ராமா' ஆயிற்று. அதன் பழஞ்சுவடி ஒன்று 1633ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தை எட்டியிருந்தது. இன்று ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளது. அக்கதையில் தவமிருக்கும் இராவணனுக்காக இறைவனிடம் வேண்டுபவர் ஆதம் நபி! சீதையோ இராவணன் மனையில் பிறந்து, சோதிடர் சொல்லுக்கு அஞ்சிய அவனால் பெட்டியில் அடைத்துக் கடலில் விடப்பட்ட குழந்தை. அனுமன் இராமனுக்கே மகன். இது நம்மவர்க்கு அதிர்ச்சி தரலாம்; எனக்கோ, அனுமனின் தொண்டுக்கு மலாய்ப் புலவர் கண்ட விளக்கமாகவே தோன்றுகிறது. இசுலாத்தைத் தழுவிய மக்கள் இக்கதையைக் கைவிடாது காத்தமைக்கு இம்மாற்றங்களே துணைநின்றன.

மலாக்காச் செட்டி மக்களையும் ஈண்டு நினைத்தல் தகும். இல்லத்தில் மலாய் பேசும் அவர்கள், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலை இன்றும் போற்றி வருகின்றனர். மொழி மாறியது, வழிபாடு நின்றது.

1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் இரப்பர் பயிரிட்டபின் பெருகிய தோட்டங்களுக்குத் தமிழர் திரளாக வந்தனர். அவர்களோடு கூத்தும் வந்தது. கூத்துக்கு ஏடு ஒன்றாயினும் ஆட்டம் இரவுக்கு இரவு வேறு. கோமாளி கங்காணியையும் கிண்டல் செய்வான். 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்தபின், இராவணனைத் தலைவனாகக் காணும் நோக்கும் இங்கே செவிகளைப் பெற்றது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வெளிவந்து, 1948இல் சென்னை அரசால் தடைசெய்யப்பட்டு, 1971இல் விடுதலை பெற்றது. இராமனைப் பழிப்பதில் அந்நூல் அளவு கடந்தது என்பது என் கருத்து. ஆயினும் அதன் விருத்த நடையில் கம்பர் காலடியைக் காணாதிருக்க இயலாது. மறுக்க வந்தவரும் அவரிடமே பாடங்கேட்டிருக்கின்றார்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. கூத்து மேடைகளும் அருகின. நகர்ப்புற வீட்டில் வளரும் மாணவனுக்கு எஞ்சியது எழுதுகோல்தான். அவன் விண்கலத்தைக் கண்டவுடன் சிவப்பு மையைத் தொடாமல், அக்கலத்துள் இருக்கும் சீதையின் துயரை அவன் எழுதியிருக்கின்றானா என்று ஆசிரியர் முதலில் பார்க்கட்டும்.