பெம்புரோக்சயர் கடற்கரைப் பாதை

பெம்புரோக்சயர் கடற்கரைப் பாதை என்பது வேல்சு நாட்டின் தென்மேற்கில், வடக்கே செயிண்ட் டாக்மேல்சு முதல் தெற்கே அம்ரோத் வரை செல்லும் நெடுந்தூர நடைபாதை ஆகும். 1970 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இதன் நீளம் 186 மைல் (299 கி.மீ.). 2012 இல் திறக்கப்பட்ட வேல்சு கடற்கரைப் பாதையின் ஒரு பகுதியாகவும் இது உள்ளது.

பாதையின் பெரும்பகுதி கடலோரப் பாறை முகடுகளின் மேல் ஏறி இறங்குகிறது. முழுவதையும் நடப்பவர் ஏறும் மொத்த உயரம் சுமார் 10,700 மீட்டர். இது எவரெசுட்டு மலையின் உயரத்தை விடக் கூடுதலாகும். எனினும் பலருக்கு ஏற்றங்களை விடப் பெருந்தடையாக இருந்தவை வேலிகளின் குறுக்கே அமைந்த மரப்படிகளே. கால்நடைகள் வெளியேறாமல் மனிதர் மட்டும் கடப்பதற்காக அமைக்கப்பட்ட இவை, முதியோரையும் சக்கர நாற்காலியில் வருவோரையும் சேர்த்தே தடுத்தன. இவற்றுள் பல பின்னர் அகற்றப்பட்டு, திறந்து மூடும் கதவுகள் வைக்கப்பட்டன.

சாண்டர்சுஃபுட், வைசுமன்சு பிரிட்சு ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதி சக்கர நாற்காலிக்கும் ஏற்றது. 1939 இல் மூடப்பட்ட நிலக்கரி இருப்புப்பாதையின் தடம் இது. ஆகையால் ஏற்ற இறக்கமின்றிக் கடலை ஒட்டியே, பழைய சுரங்க வழிகளினூடாகச் செல்கிறது.